சொல்லிவிட்டு வருகிறவர்

சுகாதார ஆய்வாளர் என்றால் சொல்லாமல் வந்து நிற்பவர் என்றுதான் எங்கள் வார்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அதற்கு முன் இருந்தவர்கள் அப்படித்தான் வந்தார்கள். கடைக்குள் திடீரென்று நுழைவார்கள், பாத்திரத்தின் மூடியைத் திறப்பார்கள், முகம் சுளிப்பார்கள், நோட்டீஸ் எழுதுவார்கள். இந்த அம்மா அப்படி வரவில்லை. இவர் சொல்லிவிட்டு வந்தார்.

பெயர் எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. இன்ஸ்பெக்டரம்மா என்பதுதான் வழக்கம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுக்கு வந்ததைச் சொல்கிறேன். டெங்குக் காய்ச்சல் பரவியிருந்த மழைக்காலம். ஒரு திங்கட்கிழமை மாலை ஸ்கூட்டரின் எஞ்சினை அணைக்காமலே எங்கள் கேட் ஓரமாக நின்று, "அண்ணே, புதன்கிழமை காலைல வாரேன். மொட்டை மாடி, பின்பக்கம், ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி, எல்லாம் பாப்பேன்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய் அங்கேயும் அதையே சொன்னார்.

"பாக்குறதுன்னா இப்பவே பாக்க வேண்டியதுதானே? எதுக்கு இடையில ஒரு நாள் விடுறாங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

எனக்கும் விளங்கவில்லை. ஆனாலும் மாடியில் கிடந்த தேங்காய்ச் சிரட்டைகளைப் பொறுக்கினேன். பழைய டயரை எடைக்குப் போட்டேன். ஃபிரிட்ஜை நகர்த்திவிட்டுத் தரையைக் கூட்டித் துடைத்தேன். புதன்கிழமை அவர் வந்தார். மாடியைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து, கீழ்ப்பக்கம் இருந்த ஒரு சின்னத் தட்டை உருவி எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். அப்படி ஒரு தட்டு இருப்பதே எனக்குத் தெரியாது. தேங்கியிருந்த தண்ணீரில் புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

"சாக்ஸைக்கூட கலர் பாத்து அடுக்குற மனுசன்" என்றாள் என் மனைவி. "தட்டுல பாருங்க, நீச்சல் பழகுதுக."

இன்ஸ்பெக்டரம்மா சிரிக்கவில்லை. தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டிவிட்டு, "தட்டு இருக்குன்னு நான் சொல்லியிருக்கணும்ணே. ஃபிரிட்ஜுக்குப் பின்னாடின்னு மட்டும் சொன்னது பத்தல. அடுத்த தெருவுல சரியாச் சொல்லிர்றேன்" என்றார். அடுத்த தெருவில் அவர் தட்டைப் பற்றியும் சொன்னதாக நான் பிறகு கேள்விப்பட்டேன்.

நாற்பதை ஒட்டிய வயது இருக்கும். சேலைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டிருப்பார். அந்த ஷூவோடு அவர் சாக்கடையைத் தாண்டுவதைப் பார்த்துத் தெருவில் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். தோளில் ஒரு ரெக்சின் பை. அதற்குள் டார்ச், தண்ணீரைச் சோதிக்கும் சின்னக் கண்ணாடிக் குழாய், மருந்துக் குப்பி, ஒரு பொட்டலம் பொரிகடலை. அந்தப் பொரிகடலையைத் தவிர ஆய்வுக்குப் போன இடத்தில் அவர் வேறு எதுவும் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

திருப்பரங்குன்றம் சாலையில் ஒரு பரோட்டாக் கடை இருந்தது. கடைக்காரர் வாய்த்துடுக்கானவர். இந்த அம்மாவைக் கண்டால் அவருக்குக் கொண்டாட்டம். ஒருநாள் நான் பார்சலுக்காக நின்றுகொண்டிருந்தபோது இன்ஸ்பெக்டரம்மா வாசலில் வந்து, "அண்ணே, வெள்ளிக்கிழமை வாரேன்" என்றார்.

"தேதி குறிச்சாச்சா? அப்ப பத்திரிகை அடிச்சு, வெத்தலை பாக்கோட குடுத்துருங்கம்மா. மொய்யோட நிக்கிறேன்."

"மொய்யெல்லாம் வேணாம். மாவு பெசையிற கல்லுக்கு அடியில கழுவி வைங்க."

"போன தடவை வாரேன்னீங்க. கழுவிக் கோலம் போடாத குறையா வச்சுக்கிட்டுக் காத்துக் கெடந்தேன். வரவே இல்லையே?"

"கழுவுனீங்கள்ல?"

"கழுவுனேன்."

"அம்புட்டுதாண்ணே வேணும். நான் வந்து என்ன செய்யப் போறேன்?"

கடைக்காரர் பரோட்டா தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இப்படியும் ஒரு ஆபீசர். வந்தாலும் கழுவணும், வராட்டியும் கழுவணும். சொல்லாம வர்றவய்ங்களே தேவலை போலருக்கு. அவய்ங்களுக்கு வருசத்துல ரெண்டு தடவை கழுவுனாப் போதும்."

அவர் கேலியாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். கடையில் மேசைக்கு அடியில் காலை நீட்டினால் இப்போதெல்லாம் பிசுபிசுப்பு ஒட்டுவதில்லை என்பதை நானே கவனித்திருந்தேன்.

அவருடைய மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. பசுமலையில் ஒரு மிஷன் பள்ளியில் எனக்கு அலுவலகக் கண்காணிப்பாளர் வேலை. எங்கள் சத்துணவுக் கூடத்தைப் பார்க்க ஒருமுறை இருவரும் சேர்ந்து வந்தார்கள். கூடம் சுத்தமாக இருந்தது. இருக்காதா பின்னே? முந்தின வாரமே போன் செய்து சொல்லியிருந்தார் இன்ஸ்பெக்டரம்மா. அதிகாரிக்கு அது தெரிந்ததும் என் எதிரிலேயே கேட்டார்.

"முன்கூட்டியே சொல்லிட்டா அப்புறம் கேஸ் எப்படிம்மா பிடிப்பீங்க? உங்க வார்டுல கேஸே வரமாட்டேங்குது."

"ஆமா சார். கம்மியாத்தான் வருது."

"அதைத்தான் நான் கேக்குறேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன் சார்."

அதிகாரி தலைமை ஆசிரியரைப் பார்க்க உள்ளே போனார். நான் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு டீ வரவழைத்தேன். வேண்டாம் என்றார். பொரிகடலையைப் பிரித்து எனக்கும் கொஞ்சம் கொடுத்தார். அப்போதுதான் நான், ஏன் இப்படி என்று கேட்டேன்.

சோழவந்தான் பக்கம் அவர் ஊர். அப்பா அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். "இப்ப எங்கண்ணன் சொந்தமா நெல்லு போடுறாப்ல. நான் சின்னப்புள்ளையா இருக்கையில ஒண்ணும் கெடையாது. எங்க தெருவுக்கு எவனும் சொல்லிட்டு வந்ததில்லண்ணே. காலரான்னா வருவாய்ங்க, களத்துல நெல்லு கொறைஞ்சிருச்சுன்னா வருவாய்ங்க. நேரா அடுப்படிக்குப் போயி பானையைத் தொறந்து பாப்பாய்ங்க. அன்னைக்கு முழுக்க எங்கம்மா யார்கூடயும் பேச மாட்டா. பானைக்குள்ள ஒண்ணும் இருக்காது, அது வேற."

ஒரு வாய் கடலையை மென்று முடித்தார். "வீடு பாக்கப் போறவ சொல்லிட்டுத்தான் போகணும். ஒரு நாளு முன்னாடி சொன்னா அவுக கூட்டிப் பெருக்கி நம்மள வாங்கன்னு சொல்லுவாக. சொல்லாமப் போனா நாம திருடனப் புடிக்கிறது மாதிரி. எனக்கு வீடு சுத்தமாகணும். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

இதை அவர் எந்த அழுத்தமும் இல்லாமல், ரேஷன் கடையில் சர்க்கரை வந்திருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். அதன் பிறகு நான் அவரிடம் காரணம் கேட்டதில்லை.

இந்த வழக்கம் அவரையே திருப்பி அடித்த நாள் ஒன்று உண்டு. எங்கள் கிறிஸ்தவ சபையின் அசனப் பண்டிகை அன்று அது நடந்தது.

அசனம் என்பது எங்கள் சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அரிசி, ஆடு, காய்கறி எல்லாமே காணிக்கையாக வரும். திருமங்கலத்துக்கு அப்பால் உள்ள கிராமங்களிலிருந்தும் வேன் பிடித்து வருவார்கள். காலையில் ஆராதனை, அது முடிந்ததும் பந்தி. அந்த ஆண்டு விருந்தைக் கவனிக்கும் குழுவில் நானும் இருந்தேன். அந்த மாதம் பக்கத்துத் தெருக்களில் மஞ்சள் காமாலை கண்டிருந்தது. அதனால் இன்ஸ்பெக்டரம்மா வியாழக்கிழமையே என்னிடம், "ஞாயித்துக்கிழமை காலைல அசனத்துக்கு வாரேண்ணே. தண்ணித் தொட்டியைப் பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

குழு கூடியது. இன்ஸ்பெக்டரம்மா தொட்டியைப் பார்ப்பார் என்றதும் எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. சனிக்கிழமை மதியம் தரைத்தொட்டியில் இருந்த தண்ணீர் அத்தனையையும் மோட்டார் வைத்து வெளியே இறைத்தோம். இளைஞர்கள் உள்ளே இறங்கி, பாசி போகத் தேய்த்தார்கள். சுவர் வெள்ளையாயிற்று. எல்லோருக்கும் திருப்தி. சாயங்காலம்தான் தெரிந்தது, மறுநாள் எங்கள் பகுதிக்குக் குழாயில் தண்ணீர் விடுகிற முறை இல்லை என்பது. அவசரமாக ஒரு டேங்கர் லாரிக்குச் சொன்னோம். அது எந்த வயல் கிணற்றில் நிரப்பிக்கொண்டு வந்ததோ, இரவுக்குள் தொட்டியை நிறைத்துவிட்டுப் போயிற்று. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.

ஞாயிறு காலை ஆராதனை பாதி நடந்த நேரத்தில் இன்ஸ்பெக்டரம்மா வந்தார். டார்ச் அடித்துத் தொட்டிக்குள் பார்த்தார்.

"கண்ணாடி மாதிரி இருக்கேண்ணே. யாரு கழுவுனது?"

"நாங்கதாம்மா. நீங்க வாரேன்னு சொன்னீங்கள்ல."

"இதுல இருந்த தண்ணி?"

"அம்புட்டையும் எறைச்சாச்சு" என்றேன், பெருமையாகவே.

அவர் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டார். குளோரின் இருந்தால் தண்ணீர் மஞ்சளாக மாற வேண்டும். மாறவில்லை. குலுக்கினார். அப்போதும் மாறவில்லை. லாரித் தண்ணீர் என்று நான் சொன்னதும் தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க கொட்டுனது நல்ல தண்ணிண்ணே. மருந்து கலந்த கார்ப்பரேசன் தண்ணி. முந்தாநாள்தான் இந்தத் தெருக் குழாயில பாத்தேன். நான் மட்டும் வாரேன்னு சொல்லாம இருந்திருந்தா அந்தத் தண்ணி அப்படியே இருந்திருக்கும்."

அவர் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விருந்து நின்றுவிடும். அத்தனை கிராமத்து ஜனங்களும் வெறும் வயிற்றோடு வேன் ஏற வேண்டியதுதான். எழுதாமல் விட்டு, நாளைக்கு யாருக்காவது காமாலை வந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். குழுவில் இருந்த பெரியவர் ஒருவர், "ஜெபம் பண்ணித்தாம்மா சாப்பிடப் போறோம். ஒண்ணும் ஆகாது" என்றார்.

"நீங்க ஜெபம் பண்ணுங்கய்யா. நான் பவுடர் போட்டுக்கிறேன்" என்று எழுந்தார் இன்ஸ்பெக்டரம்மா.

பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்து, தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்கச் செய்தார். மருந்து வேலை செய்ய ஒரு மணி நேரமாவது ஆகும். அதற்குமுன் அந்தத் தண்ணீரை இலையில் தெளிக்கக்கூடாது, கை கழுவக்கூடாது, குடிக்கக்கூடாது. ஆராதனையிலோ பிரசங்கம் மட்டும்தான் பாக்கி. நான் பக்கவாசல் வழியாகப் போதகரிடம் போய், பாட்டு நடந்துகொண்டிருந்தபோது காதோடு சொன்னேன், பிரசங்கத்தைக் கொஞ்சம் நீட்ட வேண்டும் என்று.

"எம்புட்டு நேரம்?"

"முக்கால் மணி நேரமாவது கூடப் பேசணும் ஐயா."

போதகர் என்னை நம்ப முடியாமல் பார்த்தார். "இத்தனை வருச ஊழியத்துல என்னைய யாரும் கூடப் பேசச் சொன்னதே இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். அன்று அவர் பேசிய பேச்சு இன்றைக்கும் சபையில் பேசப்படுகிறது. பாராட்டிப் பேசப்படுகிறது என்று சொல்ல மாட்டேன்.

சோறும் கறிக்குழம்பும் கொதித்து வேகிறவை. அவற்றைப் பற்றிக் கவலை இல்லை என்றார் இன்ஸ்பெக்டரம்மா. சிக்கல் மோரில் வந்தது. விடியற்காலையிலேயே அந்தத் தொட்டித் தண்ணீரை விட்டு மோரைக் கடைந்து இரண்டு பெரிய அண்டாக்களில் வைத்திருந்தார்கள். அது எஸ்தர் அக்காவின் காணிக்கை. கிராமத்தில் இரண்டு எருமை வைத்துப் பிழைப்பவர். மூன்று நாளாக சொசைட்டிக்குப் பால் ஊற்றாமல் உறை போட்டுச் சேர்த்துக்கொண்டு வந்த தயிர். அண்டாவுக்குப் பக்கத்திலேயே ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இன்ஸ்பெக்டரம்மா அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "அக்கா, இதைப் பந்திக்குக் குடுக்க முடியாது."

"ஏன், எந் தயிருக்கு என்ன?"

"தயிரு தங்கமாத்தான் இருக்கு. கலந்த தண்ணி சரியில்ல."

எஸ்தர் அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எம் மருமக பிரசவத்துல செத்துப் பொழச்சவ. அதுக்கு நேந்துக்கிட்டது இது. சபை சனம் அம்புட்டும் ஒரு வாய் குடிக்கும்னு சொல்லி நேந்தேன். இதைச் சாக்கடையில ஊத்தச் சொல்றியா?"

இன்ஸ்பெக்டரம்மா நோய்க்கிருமி பற்றி ஏதும் பேசவில்லை. பிறகு எழுந்து சமையல்காரர் மாசிலாமணி அண்ணனிடம் போனார்.

"அண்ணே, மோரைக் கொதிக்க வைக்க முடியுமா?"

மாசிலாமணி அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். "மோரையா? மோர்க்குழம்பா வைக்கலாம். ஆனா அது கொதிக்கக் கூடாது. நுரை கூடுனதும் எறக்கிரணும்."

"நுரை கூடுனாப் பத்தாதுண்ணே. தளதளன்னு கொதிக்கணும்."

"திரிஞ்சு போகும்மா."

"திரியட்டும்."

"உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போயிருவீங்க. இத்தனை ஊரு சனத்துக்குத் திரிஞ்ச குழம்பை வச்சேன்னா இனிமே இந்தப் பக்கம் ஒருத்தன் என்னையக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவானா? மாசிலாமணிக்கு மோர்க்குழம்பு வைக்கத் தெரியலைன்னுதான பேசுவாய்ங்க?"

"நான்தான் கொதிக்க வைக்கச் சொன்னேன்னு சொல்லுங்க."

"வீடு வீடாப் போயிச் சொல்லவா?"

"வேணாம். நான் சொல்றேன்."

மாசிலாமணி அண்ணன் எஸ்தர் அக்கா பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்புறம் தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டிக்கொண்டு, கடலை மாவும் அரிசி மாவும் வேண்டும் என்று ஆள் அனுப்பினார். தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைபட்டன. மாவைக் கரைத்து விட்டு, ஒரே பக்கமாகக் கிண்டிக்கொண்டே இருந்தார். வேறு யார் கையிலும் கரண்டியைக் கொடுக்கவில்லை. நுரை கூடிய நேரத்தில் அவர் கை தானாகவே விறகை இழுக்கப் போயிற்று. இன்ஸ்பெக்டரம்மா, "அண்ணே" என்றார். கை நின்றது. அண்டா தளதளவென்று கொதித்தது.

சற்று நேரம் கழித்து மாசிலாமணி அண்ணன் கரண்டியில் மொண்டு பார்த்தார். வெள்ளைத் திப்பிகள் மிதந்தன.

"திரிஞ்சிருச்சு" என்றார்.

"கொதிச்சிருச்சா?"

"கொதிச்சிருச்சு."

"அப்ப நல்லாருக்கு" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

பிரசங்கம் ஒரு வழியாக முடிந்தது. தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் மறுபடி சோதித்தபோது மஞ்சள் தெரிந்தது. இலை போட்டு ஜனங்கள் உட்கார்ந்தார்கள். போதகர் ஜெபத்துக்காக மைக்கை எடுக்கப் போனபோது இன்ஸ்பெக்டரம்மா, ஒரு நிமிஷம் என்று கேட்டு வாங்கினார். அதற்கு முன் அவர் மைக்கில் பேசி நான் கேட்டதில்லை.

"எல்லாருக்கும் வணக்கம். தண்ணியில மருந்து வாடை அடிக்கும், பயப்படாமக் குடிங்க. மோர்க்குழம்பு திரிஞ்சிருக்கும். மோராக் குடுக்க வேண்டியதைக் கொதிக்க வைக்கச் சொன்னது நான். சமையல்கார அண்ணன் வேணாம்னுதான் சொன்னாரு. அவரு மேல தப்பில்ல. தயிரு எஸ்தர் அக்கா நேந்துக்கிட்டுக் கொண்டாந்தது. யாரும் ஒதுக்காமச் சாப்பிடுங்க."

கிராமத்து வரிசையிலிருந்து ஒருவர், "திரிஞ்சாலும் மோர்க்குழம்புதானத்தா, பேசுனது போதும், ஊத்தச் சொல்லுங்க. பிரசங்கத்துலயே உசுரு போச்சு" என்றார். போதகர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எஸ்தர் அக்கா தன் கையாலேயே வாளியைத் தூக்கிக்கொண்டு பந்தியில் ஊற்றினார். யாருடைய இலையையும் அவர் விடவில்லை. மாசிலாமணி அண்ணன் தூணோரம் நின்று, இலைகளில் குழம்பு மிச்சம் இருக்கிறதா என்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மிச்சம் இல்லை என்று கண்டபிறகுதான் உட்கார்ந்தார்.

அடுத்த சில வாரங்கள் இன்ஸ்பெக்டரம்மா ஒவ்வொரு திங்கட்கிழமையும் வருவதாகச் சொல்லி, சொன்னபடி வந்து, சாப்பிட்டவர்களில் யாருக்காவது காய்ச்சல், வாந்தி உண்டா என்று விசாரித்தார். கிராமங்களுக்குப் போன் போட்டும் கேட்டார். யாருக்கும் ஒன்றும் வரவில்லை. கடைசித் திங்கட்கிழமை எங்கள் கேட் ஓரம் நின்று அதைச் சொன்னபோது அவர் முகத்தில் நான் கண்ட நிம்மதியை அன்றைய நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

சொல்லிவிட்டு வருகிற வழக்கத்தை அவர் விட்டுவிடவில்லை. கொஞ்சம் நீட்டிக்கொண்டார், அவ்வளவுதான். "செவ்வாக்கிழமை வாரேண்ணே, தொட்டியைப் பாப்பேன். கழுவுங்க, ஆனா மறுநாள் தண்ணி வருமான்னு கேட்டுட்டுக் கழுவுங்க" என்பார். பரோட்டாக் கடைக்காரர், பத்திரிகையோடு இப்போது பின்குறிப்பும் வருகிறது என்றார்.

இரண்டு ஆண்டுகளில் அவருக்கு விளாங்குடிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. போகிற வாரமும் வீடு வீடாக வந்து, "அடுத்த வாரத்துல இருந்து வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

எங்கள் அசனத்தில் அதற்குப் பிறகு மோர் கிடையாது. மோர்க்குழம்புதான். யாரும் தீர்மானம் போடவில்லை. அடுத்த ஆண்டும் எஸ்தர் அக்கா தயிரோடு வந்தார், மாசிலாமணி அண்ணன் கேட்காமலே கடலை மாவைக் கரைத்தார், அப்படியே நிலைத்துவிட்டது. சென்ற ஆண்டு மாசிலாமணி அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போக, புதிதாக ஒரு சமையல்காரரை வைத்தோம். கைத்திறன் உள்ளவர். நுரை கூடியதும் சரியான பதத்தில் அண்டாவை இறக்கப் போனார். பின்னாலிருந்து எஸ்தர் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, எறக்காத. கொதிக்கட்டும்."

"திரிஞ்சு போகும் ஆத்தா."

"திரியட்டும். எங்க அசனத்துல அப்படித்தான்."

புதுச் சமையல்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். குழம்பு கொதித்தது, திரிந்தது. எல்லோரும் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டோம்.